மைக்செட்காரனுக்குப் பிடித்த இரைச்சல்: சோனிக் யூத் பற்றி ஓர் எளிய அறிமுகம்

மைக்செட் கடையில் வேலை பார்த்தவனுக்குப் பிறவி எதிரி என்று ஒன்று உண்டென்றால் அது கூவல்தான். ‘மைக் கூவுது’ என்போம். குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவாக இருக்கட்டும், கட்சிக் கூட்டமாக இருக்கட்டும், பேச வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘அனைவருக்கும்’ என்று வாயெடுப்பார். ஸ்பீக்கர் ‘ஊஊ’ என்று ஊளையிடும். கூட்டம் பேச்சாளரைப் பார்க்காது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பையனைத்தான் பார்க்கும். பல வருடம் நான்தான் அந்தப் பையன்.

அப்படிப்பட்டவனுக்கு, கூவலையே ஒரு வாத்தியமாக வைத்துக்கொண்டு முப்பது வருடம் கச்சேரி செய்த ஒரு ராக் குழுவைப் பிடித்துப்போனது. குழுவின் பெயர் சோனிக் யூத். ஊர் நியூயார்க். ராக் இசையே கேட்டுப் பழகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

1990களின் நடுவில் ஒரு மழைக்காலம். காட்டேஜ் ஒன்றில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் டேப் ரெக்கார்டரைக் கடைக்குக் கொண்டுவந்தார். பெல்ட் தளர்ந்துபோயிருந்தது. மாற்றிவிட்டு, உள்ளே இருந்த கேசட்டை அது நின்றிருந்த இடத்திலிருந்து ஓடவிட்டேன். எங்கோ தூரத்தில் பியானோ. யாரோ ஓர் ஆள் போனில் பேசுகிற குரல். இரண்டுக்கும் மேலாக, கொதிக்கிற ரசம் மாதிரி ஒரு சளசளப்பு. ஹெட்டில் அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். பியானோ மங்கித் தெளிந்ததே தவிர சளசளப்பு அப்படியே இருந்தது.

உள்ளேயிருந்து முதலாளி அண்ணன் குரல் கொடுத்தார். “என்னடா தம்பி, ஆம்ப்ளி எரியுதா?”

“இல்லீங்கண்ணே. கேசட்டே இப்படித்தான் போல.”

“அப்ப காசு வாங்கும்போதே அந்தாளுகிட்ட சொல்லிரு. நம்ம மேல பழி வரக் கூடாது.”

வெளிநாட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கேசட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். 1988ல் வந்த ‘டேட்ரீம் நேஷன்’ ஆல்பம் அது. அண்ணன் கேட்ட அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

ஸ்வரம் என்றால் என்ன, இரைச்சல் என்றால் என்ன? ஒரு வீணைத் தந்தியை மீட்டினால் அது ஒரே சீராக, ஒரே கால அளவில் திரும்பத் திரும்ப அதிர்கிறது. நொடிக்கு 200 தடவை அதிர்ந்தால் அதோடு 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் மெல்லியதாகக் கூடவே ஒலிக்கும். இவற்றுக்கு மேற்சுரங்கள் என்று பெயர். எல்லாம் ஒரே கணக்கில் அடங்கியிருப்பதால் காது அதை ஒரு ஸ்வரமாகப் பிடித்துக்கொள்கிறது. தகரத்தைத் தட்டினால் வருகிற அதிர்வுகளுக்குள் அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. காதுக்குப் பிடி கிடைப்பதில்லை. அதை இரைச்சல் என்கிறோம்.

இந்த இரண்டுக்கும் நடுவே வேலி எதுவும் கிடையாது. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தோலைத் தட்டினால் அது தகரத்துக்கு அண்ணன்தான். வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின், நடுவில் கறுப்பாகக் கரணைப் பசை ஏற்றிய பிறகுதான் அந்த அதிர்வுகள் மடங்குக் கணக்குக்குள் வருகின்றன. சுருதி சேர்க்க முடிகிறது. சர் சி.வி. ராமன் 1920லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதாவது கரணை என்பது இரைச்சலை ஸ்வரமாக்கும் வேலை. ஆனால் அதே வலந்தலையில் தோலுக்கு இடையே சின்னச் சின்னக் குச்சிகளைச் செருகி, நாதத்தில் கொஞ்சம் ‘ஜிர்’ வரவைக்கவும் செய்கிறோம். குச்சி மிருதங்கம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒரு கையால் இரைச்சலைத் துடைத்துவிட்டு இன்னொரு கையால் தேவையான அளவு திரும்பப் போட்டுக்கொள்கிறோம்.

தம்புராவில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தந்திக்கும் அது உட்காரும் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, மேலும் கீழும் நகர்த்தி, ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். சரியான இடத்தில் நின்றதும் ‘ங்ங்’ என்று தந்தி உயிர்பெற்று, மேற்சுரங்கள் எல்லாம் கொத்துக் கொத்தாக எழும். நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். நூலை எடுத்துவிட்டால் தந்தி ‘சுத்தமாக’ ஒலிக்கும். கேட்கச் சப்பென்று இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நியூயார்க்குக்குப் போவோம்.

1970களின் கடைசியில் அந்த ஊரின் மன்ஹாட்டன் பகுதியில் வாடகை குறைந்த, இடிந்துகிடந்த தெருக்களில் ஓவியர்களும் நாடகக்காரர்களும் வாத்தியம் வாசிக்கத் தெரியாத இளைஞர்களும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அங்கே பிறந்த, ரொம்ப நாள் உயிரோடு இல்லாத ஓர் இசை அலைக்கு ‘நோ வேவ்’ என்று பெயர். மெட்டு, பல்லவி, அழகான குரல் எதுவும் வேண்டாம் என்ற கட்சி. அந்தச் சூழலில் கிளென் பிராங்கா என்ற இசையமைப்பாளர் ஒரு வேலை செய்தார். பல எலக்ட்ரிக் கிடார்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் தந்திகளை ஒரே ஸ்வரத்துக்குச் சேர்த்து, எல்லோரையும் ஒரே சமயத்தில் பலமாக வாசிக்கவைத்தார். அப்போது யாரும் வாசிக்காத ஸ்வரங்கள் மேலே எழுந்து மிதக்கும். தம்புராவில் நடப்பது மாதிரிதான், பெரிய ஆம்ப்ளிஃபையர்களோடு.

அந்தக் கிடார் படையில் வாசித்த இருவர் லீ ரனால்டோவும் தர்ஸ்டன் மூரும். மூரும், ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த கிம் கார்டனும் சேர்ந்து 1981ல் குழுவை ஆரம்பித்தார்கள். பின்னால் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கார்டன் பேஸ் கிடாரும் குரலும். மூர், ரனால்டோ கிடாரும் குரலும். டிரம்மர்கள் வந்து போனார்கள். 1985ல் ஸ்டீவ் ஷெல்லி வந்த பிறகு அந்த நாற்காலியும் நிலைத்தது. கடைசிவரை குழுவின் நிலையான உறுப்பினர்கள் இந்த நால்வர்தான். 1981 ஜூனில் ஒரு கலைக்கூடத்தில் ஒன்பது நாள் இசை விழா ஒன்றை மூர் ஏற்பாடு செய்தார். அதன் பெயர் ‘நாய்ஸ் ஃபெஸ்ட்’, அதாவது இரைச்சல் விழா. உள்ளூர்க் குழுக்கள் எல்லாம் வெறும் இரைச்சல் என்று கிளப் முதலாளி ஒருவர் சலித்துக்கொண்டாராம்; அந்தத் திட்டையே பட்டமாகப் போட்டுக்கொண்டார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சோனிக் யூத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சத்தமாக வாசித்தார்கள், கிடாரைத் தரையில் தேய்த்தார்கள், ஸ்பீக்கரில் இடித்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் சத்தமாக வாசித்த குழுக்கள் ஆயிரம் இருக்கின்றன. இவர்கள் விஷயம் வால்யூம் குமிழில் இல்லை, கிடாரின் தலைப்பக்கம் இருக்கும் முறுக்காணிகளில் இருக்கிறது. அது ஒரு சுருதி விவகாரம்.

கிடாரில் ஆறு தந்தி. உலகம் முழுக்க அவற்றை ஒரே மாதிரிதான் சேர்ப்பார்கள்: தடித்த தந்தியிலிருந்து, மேற்கத்திய ஸ்வரப் பெயரில், ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இப்படிச் சேர்த்தால் விரல்களுக்கு வசதி. எந்தப் பாட்டையும் ஒரே கிடாரில் வாசித்துவிடலாம். சோனிக் யூத்தின் ஆரம்ப காலத்தில் அவர்களிடம் காசில்லை. கிடைத்ததெல்லாம் பழைய, மலிவான, கழுத்து வளைந்த கிடார்கள். அவற்றை வழக்கமான முறையில் சேர்த்தால் கேட்கச் சகிக்காது. ஆனால் ஒரு கிடாரில் மூன்று தந்தியை ஒரே ஸ்வரத்துக்கு இழுத்துவிட்டால், இன்னொன்றில் தந்திகளுக்கு அடியில் ஒரு குச்சியைச் செருகிவிட்டால், அந்த ஓட்டைக் கிடாருக்கென்று ஒரு குரல் வந்துவிடும். அந்தக் குரலை வைத்து ஒரு பாட்டு பிறக்கும். அப்புறம் அந்தக் கிடாரை மாற்றிச் சுருதி சேர்க்க முடியாது. அது அந்தப் பாட்டுக்கே நேர்ந்துவிட்ட கிடார். கச்சேரிக்குக் கிளம்பும்போது கிடார்களை டஜன் கணக்கில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘டேட்ரீம் நேஷன்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘டீன் ஏஜ் ரயட்’. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதில் ரனால்டோவின் கிடார் சேர்க்கப்பட்டிருக்கும் விதம்: ஜி, ஜி, டி, டி, ஜி, ஜி. ஜியை ஷட்ஜமாக, அதாவது ‘ச’வாக, வைத்துக்கொண்டால் இது என்ன? ச ச ப ப ச ச. தம்புராவைத் தவிர வேறென்ன! அதே பாட்டில் மூரின் கிடார்: ஜி, ஏ, பி, டி, ஈ, ஜி. அதே ஷட்ஜத்தில் எழுதிப் பாருங்கள். ச ரி க ப த ச. ரிஷபமும் தைவதமும் சதுஸ்ருதி, காந்தாரம் அந்தரம். பாட்டு கிளாஸுக்கு ஆறு மாதம் போனவர்கூடச் சொல்லிவிடுவார்: மோகன ராகத்தின் ஆரோகணம்.

இதைக் கண்டுபிடித்த அன்று நான் கடையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மோகனம் பாடினார்கள் என்று நான் சொல்லவே இல்லை. ராகம் என்பது வெறும் ஆரோகண அவரோகணம் இல்லை, அதற்குப் பிடி, நடை, கமகம் எல்லாம் உண்டு. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள் உலகத்தில் எத்தனையோ நாட்டுப்புற இசைகளிலும் இருக்கின்றன. ஆனால் ஒன்று யோசியுங்கள். எந்த விரலும் வைக்காமல் ஆறு தந்தியையும் ஒரு தடவு தடவினாலே மோகனத்தின் எல்லா ஸ்வரங்களும் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன; பக்கத்திலேயே இன்னொரு கிடார் ச, ப, ச என்று தம்புரா போட்டுக்கொண்டிருக்கிறது. ராக் இசையை அறியாத ஒரு தமிழ்க் காதுக்கு இதைவிட நல்ல வாசல் எங்கே கிடைக்கும்?

இன்னொரு சுவாரசியம். ஜி என்பது நம் கணக்கில் 5 கட்டை. அதன் கீழ் ஸ்தாயி ஸ்வரம் நொடிக்கு 98 அதிர்வு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை விறைத்துத் தளர்வதால் அது 100 அதிர்வில் முனகும். ஆகவே நீங்கள் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய அதே ஷட்ஜத்தில், கொஞ்சம் தூக்கலாக, ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கும். நியூயார்க்கில் இது நடக்காது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், முனகல் 120. அது ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கோ தொங்கும். ஒரு ஊரின் மின்சாரத்துக்குக்கூடச் சுருதி இருக்கிறது என்பதை இந்தக் குழுவைக் கேட்கப் பழகிய பிறகுதான் கவனித்தேன். சின்ன வயதில் தேயிலை ஃபேக்டரியில் அம்மா வேலை முடிந்து வரும்வரை, இலை வாட்டுகிற மாடிக்குக் கீழே உட்கார்ந்து காத்திருப்பேன். அங்கே ஓடும் பெரிய ஃபேன்களின் ஒரே சீரான ‘ம்ம்ம்’முக்கு நானும் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ போடுவேன். என் ‘ம்ம்ம்’ கொஞ்சம் விலகினால் ‘ம்வாம்வாம்வா’ என்று காதுக்குள் அலையடிக்கும்.

அந்த ‘ம்வாம்வா’ முக்கியம். அதற்கு விம்மல் என்று பெயர். ஒரு தந்தி நொடிக்கு 196 தடவையும் பக்கத்துத் தந்தி 198 தடவையும் அதிர்ந்தால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு இரண்டு தடவை பெருத்துச் சிறுக்கும். வித்தியாசம் கூடக்கூட விம்மல் வேகமாகும். இன்னும் கூடினால் கரகரப்பாகிவிடும். ரனால்டோ கிடாரில் இரண்டிரண்டு தந்தி ஒரே ஸ்வரத்தில் இருக்கிறது அல்லவா, அவை எவ்வளவு சேர்த்தாலும் மயிரிழை விலகித்தான் நிற்கும். அதனால்தான் அந்தக் கிடார் மினுமினுக்கிறது. சோனிக் யூத் பாட்டுகளில் ஸ்வரம் மெல்ல மெல்ல இரைச்சலாக மாறுவதும், இரைச்சல் கலைந்து திரும்ப ஸ்வரமாவதும் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான்.

அடுத்தது ஸ்க்ரூடிரைவர். கேட்டால் ரவுடித்தனம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஜீவாவின் தூரத்துச் சொந்தம். தந்திகளுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரையோ டிரம் குச்சியையோ நுழைத்தால் அது இன்னொரு பிரிட்ஜ் ஆகிவிடுகிறது. தந்தி இரண்டு துண்டு. சரியாக நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே ஸ்வரம். மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும். கணக்கில்லாத ஓர் இடத்தில் வைத்தால் கோயில் மணியும் தகரமும் கலந்த மாதிரி ஒரு சத்தம். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். கிடார் உங்களுடையதாக இருந்தால் சரி.

கூவலுக்கு வருவோம், என் பழைய எதிரி. மைக்கில் நுழைந்த சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, திரும்பவும் மைக்கில் நுழைந்து, இன்னும் பெரிதாக வெளியே வந்து, மறுபடி நுழைகிறது. இந்தச் சுற்றில் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் மற்றதையெல்லாம் தின்று கொழுத்துவிடும். எந்த ஸ்வரம் என்பது மைக், ஸ்பீக்கர், இடைவெளி, சுவர் எல்லாவற்றையும் பொறுத்தது. நாங்கள் செய்வது ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, அந்தச் சுற்றை அறுப்பது. எலக்ட்ரிக் கிடாரில் மைக்கின் வேலையைத் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருள் செய்கிறது. ஆம்ப்ளிஃபையர் முன்னால் கிடாரைக் காட்டினால் ஸ்பீக்கரின் சத்தமே தந்தியை அதிரவைக்கும். யாரும் மீட்டாமலே தந்தி பாடும். ஓர் அடி தள்ளி நின்றால் வேறு ஒரு மேற்சுரம் தலைதூக்கும். கிடாரைச் சற்றே சாய்த்தால் அது மறைந்து இன்னொன்று வரும். மூரும் ரனால்டோவும் மேடையில் ஆடிக்கொண்டே திரிவதைக் காணொளியில் பார்த்தால் போதையில் தள்ளாடுகிறார்கள் என்று தோன்றும். பாதி நேரம் அவர்கள் அடுத்த ஸ்வரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் பொட்டலில் மைக்கைத் தூக்கிக்கொண்டு எங்கே கூவாது என்று தேடி அலைந்த அதே நடை.

(இதெல்லாம் அவர்கள் கண்டுபிடித்ததில்லை. கூவலை ராக் இசைக்குள் கொண்டுவந்தவர்கள் 1960களிலேயே இருந்தார்கள். நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவை இவர்களுக்குப் பெரியப்பா முறை என்று சொல்லலாம். இரைச்சலுக்காகவே பெட்டி பெட்டியாகக் கருவி செய்த இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913லேயே வந்துவிட்டார். சோனிக் யூத் செய்தது, இவற்றையெல்லாம் பாட்டு என்ற சட்டைக்குள் நுழைத்தது. டிரம் நேராக ஓடும், குரல் ஏதோ பேசும், மெட்டு ஒன்று இருக்கும். அந்தச் சட்டை திடீரென்று கிழியும், மறுபடி தைக்கப்படும்.)

பாட்டும் கிடாரும் ஒன்று என்று சொன்னேன் அல்லவா, அதற்குச் சாட்சியம் 1999 ஜூலையில் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் நகரில் அவர்களுடைய வாத்தியங்கள் ஏற்றிய லாரியை அப்படியே திருடிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு குழுவாக இருந்தால் இன்ஷூரன்ஸ் பணத்தில் புதுக் கிடார் வாங்கி மறுநாளே வாசித்திருக்கும். இவர்களுக்கு அது நடக்கவில்லை. ஏறக்குறைய இருபது வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த, அறுத்து ஒட்டிய, கம்பி மாற்றிய கிடார்களோடு பல பாட்டுகளும் சேர்ந்தே போயின. அவற்றில் சில பல வருடம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 2000ல் வந்த ஆல்பம் இந்தத் திருட்டுக்குப் பிறகு, இருந்ததை வைத்துச் செய்தது. பலருக்கு அது பிடிக்காது. எனக்கும் பெரிதாகப் பிடிக்காது.

வரலாற்றின் மற்ற பகுதியை வேகமாகச் சொல்லிவிடலாம். முதல் வெளியீடு 1982ல், பிராங்கா பங்காளியாக இருந்த சின்ன இசைத்தட்டுக் கம்பெனி வழியாக. 1983, 1985 ஆல்பங்கள் இருட்டாக, கரடுமுரடாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அங்கே ஆரம்பிக்க வேண்டாம். 1986ல் ‘ஈவோல்’, 1987ல் ‘சிஸ்டர்’. இந்த இரண்டில்தான் இரைச்சலுக்குள்ளிருந்து பாட்டு தலையை நீட்டுகிறது. ‘டேட்ரீம் நேஷ’னின் அட்டையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரியும், ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் ஓவியம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்திருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் அங்கீகாரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஆனாலும் இரைச்சல் விழா நடத்தியவர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

அதுவரை சின்னச் சின்ன சுயேச்சைக் கம்பெனிகளோடு இருந்தவர்கள் 1990ல் கெஃபன் என்ற பெரிய கம்பெனிக்குப் போய் ‘கூ’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். காசுக்குத் தங்களை விற்றுவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் திட்டினார்கள். எனக்கு இந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. கம்பெனி மாறியதும் பாட்டு சுத்தமாகிவிடவில்லை. அந்தச் சமயத்தில் அவர்கள் கைபிடித்து அதே கம்பெனிக்குக் கூட்டிப்போன இளம் குழுதான் நிர்வானா. 1991ல் ஐரோப்பாவில் இரண்டு குழுவும் சேர்ந்து கச்சேரி செய்தன. சில வாரங்களில் நிர்வானா உலகப் புகழ் பெற்றது, அண்ணன்மார்கள் அப்படியே இருந்தார்கள். 1995ல் ஊர் ஊராகப் போகும் ஒரு பெரிய இசை விழாவில் தலைமைக் குழுவாக வாசித்து, அந்தப் பணத்தில் மன்ஹாட்டனின் முர்ரே தெருவில் சொந்த ஸ்டூடியோ கட்டினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று விமான இன்ஜினின் ஒரு பகுதி வந்து விழுந்தது அந்தத் தெருவில்தான். அடுத்த வருடம் வந்த ஆல்பத்துக்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள். 2009ல் வந்த ‘தி எட்டர்னல்’ கடைசி ஸ்டூடியோ ஆல்பம். 2011 அக்டோபரில் மூரும் கார்டனும் பிரிவதாக அறிவித்தார்கள். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட தென்னமெரிக்கக் கச்சேரிகளை மட்டும் முடித்தார்கள். நவம்பர் 14 அன்று பிரேசிலில் நடந்ததுதான் கடைசி. நால்வரும் இன்னும் தனித்தனியாக இசை செய்துகொண்டிருக்கிறார்கள். கார்டனின் தனி ஆல்பங்களில் கிடாரைவிட ஹிப்ஹாப் தாளத்தின் இடிதான் அதிகம். எழுபது வயதில் அப்படி ஓர் ஆல்பம் போட நெஞ்சழுத்தம் வேண்டும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ‘டீன் ஏஜ் ரய’ட்டில்தான். முதல் ஒரு நிமிடம் கார்டன் ஏதோ தூக்கத்தில் முணுமுணுப்பது போல இருக்கும், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பிறகு கிடார் துள்ளிக் கிளம்பும். முதல் தடவை பாட்டாகக் கேளுங்கள். இரண்டாம் தடவை வாயை மூடிக்கொண்டு ‘ச’வைப் பிடித்து ‘ம்ம்ம்’ போட்டுக்கொண்டே கேளுங்கள், தம்புராவோடு சேர்ந்து பாடுகிற மாதிரி. இரைச்சல் என்று முதலில் தோன்றியது எத்தனை இடத்தில் உங்கள் ‘ச’வோடு வந்து உட்காருகிறது என்று தெரியும். அப்புறம் 1995ல் வந்த ‘தி டைமண்ட் சீ’. கிட்டத்தட்ட இருபது நிமிடம். தாலாட்டு மாதிரி ஆரம்பித்து, நடுவில் கரை காணாமல் போய், அங்கேயே மிதக்கும் பாட்டு. சிம்ஸ் பார்க் பக்கம் மூடுபனி இறங்கி, எதிரே வருகிற பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு சாயங்காலத்தில் எனக்கு அது முதல்முறையாகப் பிடிபட்டது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ் ஸ்தாயி எதுவும் அதில் வராது, வெறும் கரகரப்பு மட்டும் வரும், பிறகு என்னைத் திட்டுவீர்கள். ஐந்நூறு ரூபாய் ஹெட்போன் போதும்.

இரண்டும் பிடித்திருந்தால் ‘டேட்ரீம் நேஷன்’ முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். எட்டாவதாக வருவது ‘பிராவிடன்ஸ்’. மூன்று நிமிடம்கூட இருக்காது. மூர் தன் அம்மா வீட்டில் வாக்மேனில் பதிவு செய்த பியானோ, மைக் வாட் என்ற நண்பர் பொதுத் தொலைபேசியிலிருந்து விட்டுப்போன இரண்டு தகவல்கள், அவற்றின் மேல் ஒரு சளசளப்பு. நான் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக மல்லுக்கட்டிய இடம் இதுதான். அந்தச் சளசளப்பு என்ன என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அளவுக்கு மீறிச் சூடேறிய ஓர் ஆம்ப்ளிஃபையர். அண்ணன் உள் அறையில் இருந்தபடியே, காதால் மட்டும் கேட்டு, சரியாகச் சொல்லியிருக்கிறார்.